நான் கார் ஓடிய முதல் ஆவணி

இத்தாலியின் பலெர்மோவில் ஆவணி, அதாவது ஓகஸ்ட் மாதம், பிறந்தால் கடைகள் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடமும் பூட்டு. எங்களுக்கு வேலை தந்தவர்கள் எல்லோரும் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் மட்டும் பல்லரோ சந்தைக்குப் பின்னாலிருந்த எங்கள் இரண்டு அறைகளுக்குள் யன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்போம். அப்படி ஒரு ஆவணியின் நடுவில், தரை குளிராக இருக்கிறது என்று வயிறுபடப் படுத்திருந்த என் மகள் கேட்டாள்.

"அம்மா, விடுமுறைக்கு எங்க போனனீங்கள் எண்டு மயெஸ்த்ரா கேட்டா இந்த முறை நான் என்ன எழுதுறது?"

மயெஸ்த்ரா என்றால் அவளுடைய டீச்சர். அவளுக்கு அப்போது ஏழு வயது. போன வருடம் அவள் பஸ் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நான் வீட்டுவேலை செய்யும் அம்மாவான சின்யோராவின் வீடு வரைக்கும் பதினொரு தரிப்பிடங்கள், ஒவ்வொன்றின் பெயரும் பிழையில்லாமல். டீச்சர் நல்ல புள்ளி போட்டிருந்தார். கீழே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஆவணிக்கு நாங்கள் காரில் கடலோரமாகப் போகிறோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். எங்களிடம் கார் இல்லை. அது எனக்கு அந்த நேரத்தில் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் கார் ஓடத் தெரிந்த மனிதர் வீட்டிலேயே இருந்தார். என் கணவர் ஊரில் எட்டு வருடம் வான் ஓடியவர். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையில் அந்த வானை அறியாதவர்கள் குறைவு. நான் கலியாணம் முடித்த பிறகும் பிள்ளையோடு தீவுப் பக்கம் என் தாய்வீட்டில்தான் இருந்தேன். அவர் கிழமைக்கு ஒரு தரம் வந்து போவார். தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்கிய கையோடு வானை விற்றுவிட்டேன் என்று சொன்னார், அந்த வருடமே இத்தாலிக்கு வெளிக்கிட்டார். இரண்டு வருடம் கழித்து நானும் மகளும் வந்து சேர்ந்தோம். பலெர்மோவில் அவருக்கு அடுக்குமாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவுகிற வேலை.

நான் அவரைப் பத்தெந்தே எடுக்கச் சொன்னேன். இந்த நாட்டு லைசென்ஸுக்கு அதுதான் பெயர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல், "எனக்கு ஏலாது" என்றார். ஏன் என்று கேட்டேன். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது என்றார். ரயில் தான் நினைத்த இடத்தில் நிற்கும், நான் நினைத்த இடத்தில் நிற்காது என்றேன். அவர் அடுத்த கவளத்தை எடுத்தார். சோம்பல் என்றுதான் நினைத்தேன். கோபமும் வந்தது.

"சரி. அப்ப நான் எடுக்கிறன்."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "எடும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. சைக்கிள் கூட மற்றவர் பிடித்தால்தான் ஓடுவேன். ஒரேத்தோ ஆற்றுக்குப் போகும் வழியில் கார் பழக்குகிற பள்ளி ஒன்று இருந்தது. கிழமையில் இரண்டு பின்னேரம் அங்கே போய், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு மர வாங்கில் இருந்தேன். அவர்கள் சூயிங்கம் சப்பிக்கொண்டு பாடம் கேட்டார்கள். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டபடி தமிழில் எழுதி வந்து, மகளிடம் கொடுத்து அர்த்தம் கேட்டேன். அவள் இத்தாலியனைப் பலெர்மோப் பிள்ளைகள் மாதிரி இழுத்துக் கதைப்பாள். என் உச்சரிப்பைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

எழுத்துச் சோதனையில் வசனம் ஒன்றைத் தருவார்கள். அது சரியா பிழையா என்று சொல்ல வேண்டும். வளைவில் முந்தக்கூடாது என்று நேராகக் கேட்டால் யாருக்கும் தெரியும். அவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். முந்தாமலிருப்பது கட்டாயமில்லை என்பது உண்மையல்ல என்று எழுதி வைத்திருப்பார்கள். முதல் தரம் அந்த 'இல்லை'களுக்குள் அகப்பட்டு விழுந்தேன். விழுந்த செய்தி மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிவதற்குள் எங்கள் ஆட்களுக்குள் பரவிவிட்டது. ஒரு அக்கா, பொம்பிளையளுக்கு இந்த நாட்டு ரோட்டு சரிவராது, ஏன் வீணாகக் கஷ்டப்படுகிறாய் என்று அன்பாகவே சொன்னார். நான் ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை போய் அடுத்த சோதனைக்குப் பெயர் கொடுத்தேன். பஸ்ஸில் படித்தேன். சின்யோராவின் சமையலறையில், புத்தகத்தை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். இரண்டாம் தரம் பாஸ்.

ஓடப் பழகினது அதைவிடக் கஷ்டம். பழக்குகிறவர் பேப்பர் வாசித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். மொன்ரியாலே ஏற்றத்தில் காரை நிற்பாட்டச் சொல்லி, இனி எடு என்பார். எடுத்தால் கார் பின்னால் வழுக்கும், அல்லது செத்துப்போகும். ஒரு நாள் அதே இடத்தில் பதினொரு தரம் செத்தது. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. ஒரு பழ வண்டிக்காரர் இறங்கி வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பன்னிரண்டாம் தரம் கார் மேலே ஏறியது. பழக்குகிறவர் பேப்பரின் பக்கத்தைப் புரட்டினார். வைகாசி மாதம் என் படம் ஒட்டிய பத்தெந்தே கைக்கு வந்தது.

சின்யோரா எழுபது தாண்டிய விதவை. அதிகம் கதைக்க மாட்டார். நான் பத்தெந்தேயைக் காட்டியதும் அதைக் கண்ணாடி போட்டு வாசித்து, மேசை லாச்சியைத் திறந்து ஒரு திறப்பை எடுத்து வைத்தார். முற்றத்தில் துணி போட்டு மூடியிருந்த, அவருடைய செத்துப்போன கணவரின் சின்னக் காருடைய திறப்பு. தனக்கு ஓடத் தெரியாது, தமையனின் மகன் மாதத்துக்கு ஒரு தரம் வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போகிறான், அதைவிட நீ கடலைக் காட்டிக்கொண்டு வா என்றார். அந்த மகனே காரைக் கராஜில் காட்டி, பேப்பர்களையும் சரிபண்ணித் தந்தான்.

என் கணவரைப் பற்றிய ஒரு விஷயத்தை மட்டும் நான் அப்போது சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அந்த வருடங்களில் பலெர்மோவில், மாஃபியாவிடமிருந்து காக்க, நீதிபதிகள் இருந்த வீடுகளுக்கு முன்னால் ஆமிக்காரர் துவக்கோடு நிற்பார்கள். என் கணவர் படி கழுவப் போகிற தெருவிலும் ஒரு சென்ட்ரி இருந்தது. அவர் அந்தத் தெருவால் போக மாட்டார். இரண்டு தெரு சுற்றிப் பின்பக்கத்தால் போவார். அது எனக்குத் தெரியும். எனக்கும் சீருடையைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும். எங்கள் ஊரில் இருந்து வந்த எல்லோருக்கும் உள்ள வியாதிதான் என்று விட்டுவிட்டேன்.

ஆவணி பதினைந்து மாதாவின் திருநாள். பூசை கண்டு, அடுத்த நாள் காலமை வெளிக்கிட்டோம். ரொட்டி, கட்டச் சம்பல், பொரித்த மீன், பிளாஸ்கில் தேத்தண்ணீர். மகள் எனக்குப் பக்கத்தில் முன் சீற்றில் இருந்தாள். அவர் எனக்குப் பின்னால். முன்னுக்கு வாங்கோ என்று கூப்பிட்டேன். பின்னுக்கு இருந்தால் கால் நீட்டலாம் என்றார். அந்தக் காரில் பின்னுக்குக் கால் மடக்கவே இடமில்லை. என் ஓட்டத்தில் நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய ரோட்டைத் தொடவில்லை. கடலை ஒட்டிய சின்ன ரோட்டால் ஐம்பது, அறுபதில் போனேன். மகள் நில் என்கிற இடத்தில் நிற்பது என்று முதலே பேசி வைத்திருந்தோம். அவள் நூறு மீற்றருக்கு ஒரு தரம் நில் என்றாள். காஸ்தெல்லம்மாரேக்கு மேலே ஒரு வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு, கீழே குடாக்கடலைப் பார்த்தபடி ரொட்டி சாப்பிட்டோம். பின்னால் வந்த கார்கள் எல்லாம் எங்களை முந்திப் போயின. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. இரவு திராப்பனியில், எங்கள் பங்கின் கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லி வைத்த விடுதி அறையில் படுத்தோம்.

அடுத்த நாள் முழுவதும் உப்பளம். திராப்பனிக்குத் தெற்கே கடலைப் பாத்தி கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளையாகக் குவித்த உப்புக்கு மேல் வீட்டுக் கூரை மாதிரி ஓடு அடுக்கியிருந்தது. என் கணவர் வேலை செய்த மனிதர்களிடம் போய், அரை இத்தாலியனும் அரைக் கையுமாக ஒரு மணித்தியாலம் கதைத்தார். எத்தனை நாளில் விளையும், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார். அவர்கள் ஒரு கை உப்பைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். மகளுக்குப் பாத்தித் தண்ணீரில் காலை விட அனுமதி கிடைத்தது. அன்று அவர் சிரித்ததைப் போல பலெர்மோவில் நான் பார்த்ததில்லை. சரியான காரியம்தான் செய்திருக்கிறேன் என்று எனக்குள் கர்வமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மர்சாலாவைத் தாண்டி மசாராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பகல் பதினொரு மணி இருக்கும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நேர் ரோட்டில் பொலிஸ் வாகனம் ஒன்று நின்றது. இரண்டு பேர். இளம் பொலிஸ்காரர் கையிலிருந்த சிவப்பு வட்டத் தட்டை உயர்த்தி மறித்தார். நான் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, பள்ளியில் சொல்லித் தந்தபடி ஒழுங்காக நிற்பாட்டினேன். பத்தெந்தேயை எடுக்கப் பையைத் திறந்தேன்.

அந்தச் சின்னக் காருக்கு இரண்டே கதவு. பின்னால் இருப்பவர் இறங்குவதென்றால் முன் சீற்றை மடக்க வேண்டும். என் கணவர் மகளை ஒரு பக்கம் தள்ளி, சீற்றை மடக்கி, அவளுக்கு மேலாக ஏறி வெளியே இறங்கிவிட்டார். ரோட்டோரத்தில் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கையில் பெர்மெஸ்ஸோ. இந்த நாட்டில் இருக்கத் தந்த அந்தக் காகிதத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்திருந்தார்.

இளையவர் பயந்துவிட்டார். கை இடுப்புக்குப் போனது. மூத்தவர் அவரைக் கையால் அமர்த்திவிட்டு, கையை இறக்கச் சொன்னார். என் கணவருக்குக் கேட்கவில்லை. மகள் விளையாட்டு என்று முதலில் சிரித்தாள், பிறகு அவருடைய முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டாள். நான் இறங்கினேன். என் இத்தாலியன் எல்லாம் எங்கோ போய்விட்டது. எங்கள் நாட்டில் இப்படித்தான் இறங்கி நிற்க வேண்டும், அவர் பழக்கத்தில் செய்கிறார் என்று எப்படியோ சொன்னேன்.

மூத்தவர் தன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குக் கிட்டப் போனார். தூக்கிய கைகளில் ஒன்றை மெல்லப் பிடித்து, தானே கீழே இறக்கினார். பிறகு மற்றதை.

"சின்யோரே, எனக்குக் கார் ஓடின இந்தச் சின்யோராவின் பேப்பர் மட்டும் போதும்" என்றார்.

என் பத்தெந்தேயைப் பார்த்தார். எடுத்து மூன்று மாதம்தான் என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கடலுக்கு என்றேன். எந்தக் கடல் என்றார். தெற்கே ஷாக்கா ஊர் வரைக்கும் வருகிற எல்லாக் கடலும் என்றேன். இரண்டு கிலோமீற்றரில் வலது பக்கம் ஒரு மண் பாதை இருக்கிறது, அங்கே கூட்டம் இல்லை, போய்க் கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மண் பாதையில் இறங்கினோம். நாணல் முடிகிற இடத்தில் கடல். மகளைக் கரையில் விளையாட விட்டோம். அவர் மணலில் குந்தியிருந்தார். பெர்மெஸ்ஸோ இன்னும் கையில் இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"திரும்புவம்" என்றார். "நான் உம்மட பயணத்தைக் கெடுத்துப் போட்டன். பலெர்மோவுக்குப் போவம்."

"இல்லை. நாங்கள் போறம்."

"இன்னும் மறிப்பாங்கள்."

"மறிக்கட்டும். நான் நிப்பாட்டுவன், பேப்பரைக் காட்டுவன், பிறகு எடுப்பன். எத்தினை தரம் மறிச்சாலும் அதுதான்."

சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் பெர்மெஸ்ஸோவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

தொண்ணூறில், வானை விற்பதற்கு இரண்டு கிழமைக்கு முதல் நடந்தது. அன்று வானில் பதினைந்து பேர். முன் சீற்றில், அவருக்குப் பக்கத்தில், இருபது இருபத்தொரு வயதுப் பெடியன் ஒருவன். ஆமியின் செக் பொயின்றில் எல்லோரையும் இறக்கி வரிசையாக நடக்க விட்டிருக்கிறார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு மற்ற எல்லோரையும் திரும்ப ஏற விட்டார்கள். அந்தப் பெடியனை மட்டும் நிற்கச் சொன்னார்கள். இவர் வானுக்குப் பக்கத்தில் நின்று, அவன் வரட்டும் என்று காத்திருக்கிறார். ஆமிக்காரன் ஒருவன் வந்து வானின் தகரத்தில் துவக்குப் பிடியால் தட்டினான்.

"ஓடெண்டு சொன்னான்" என்றார். "நான் ஓடினனான். கண்ணாடியில பாத்தன். பெடியன் ரோட்டோரத்தில கையைத் தூக்கிக்கொண்டு நிண்டவன். என்ரை வானைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்."

அவன் திரும்பி வரவில்லை. பிறகு எவ்வளவோ பேர் தேடியும் கிடைக்கவில்லை. அன்றைக்கு வவுனியாவில் வானை நிற்பாட்டிய என் கணவர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வானை வாங்கியவர்தான் அங்கே வந்து எடுத்துப் போயிருக்கிறார்.

"வானுக்குள்ள அவ்வளவு சனம் இருந்தது" என்றேன். "நீங்கள் நிண்டிருந்தா அவையளுக்கு என்ன நடந்திருக்கும்?"

"அதைத்தான் நானும் ஏழு வருசமா எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

பலெர்மோவில் ஐந்து வருடம் ஒரே பாயில் படுத்தவள் நான், சோம்பல் என்று நினைத்திருந்தேன். அவன் பெயர் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். தெரியும் என்றார். ஊரும் தெரியும், தாய் இருக்கிறாள் என்றும் தெரியும், ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை என்றார்.

வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். வெளிக்கிடும்போது மகள் களைத்துப் பின் சீற்றில் நித்திரையாகிவிட்டாள். எனக்கு மற்றப் பக்கக் கதவு திறந்தபடி நின்றது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் காரை எடுத்தேன்.

செலினுந்தேயில் இரண்டு இரவு நின்றோம். கடலைப் பார்த்தபடி இடிந்த கோயில் தூண்கள் கிடக்கிற ஊர். ஒரு கோப்பிக் கடைக்கு மேலே அறை கிடைத்தது. அவர் மகளுக்கு மல்லாக்க மிதக்கப் பழக்கினார். அவள் காதுக்குள் தண்ணீர் போகுது என்று கத்தினாள், பிறகு வெளியே வர மறுத்தாள். எங்களுக்குள் அந்தக் கதை திரும்ப வரவில்லை. ஆனால் அவர் இரவில் நன்றாகச் சாப்பிட்டார்.

ஷாக்காவிலிருந்து மலைப்பக்கமாகத் திரும்பி வரும்போது நான் வழி பிழைத்து ஒரு சின்ன ஊருக்குள் போய் மாட்டிக்கொண்டேன். தெரு ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் என் பக்கக் கண்ணாடி சுவரில் முட்டுகிற மாதிரி வந்து படியில் முடிந்தது. ரிவேர்சில் எடுக்க வேண்டும், அதுவும் ஏற்றத்தில். வீடுகளுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்தி இடது என்றாள், ஒருத்தி வலது என்றாள். ஒருத்தி என் கணவரைப் பார்த்து, ஆம்பிளை சும்மா இருக்கிறாரே, அவர் எடுக்கலாமே என்றாள். அவர் யன்னலால் தலையை நீட்டி, என்னை விட அவள் நன்றாக ஓடுவாள் என்று தன் உடைந்த இத்தாலியனில் சொன்னார். பிறகு இறங்கிப் பின்னால் போய் நின்று, வா வா என்று கை காட்டினார். அரை மணித்தியாலம் எடுத்தது. சின்யோராவின் காரில் ஒரு கீறல்தான், அதுவும் கையளவு. அதைச் சொன்னபோது சின்யோரா, செத்துப்போன தன் கணவர் அதைவிடப் பெரிய கீறல்கள் போட்டிருக்கிறார் என்றார்.

பலெர்மோவுக்கு வந்து இரண்டாம் கிழமை, என் கணவர் அந்தப் பெடியனின் ஊர்ப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். தான் யார், அன்று என்ன நடந்தது, தாயைக் கண்டால் சொல்லுங்கள் என்று ஒரு பக்கம். சண்டைக்குள் கடிதங்கள் போய்ச் சேருவது எப்படியென்று யாருக்கும் தெரியாது. நத்தார் போனது, பெரிய வியாழன் போனது. எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து தபால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்.

சித்திரையில் பதில் வந்தது. தாய் அகதி முகாமில் இருப்பதாகவும் தான் போய்ச் சந்தித்ததாகவும் பாதிரியார் எழுதியிருந்தார். தாய் சொன்னதை அவருடைய சொல்லிலேயே கீழே எழுதியிருந்தார்: "அந்த டிரைவர்த் தம்பியில எனக்குக் கோவமில்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். கனகாலம் இருந்தது. இப்ப எனக்கு ஒண்டு தெரிஞ்சாப் போதும். என்ரை பிள்ளை வழியில என்ன கதைச்சுக்கொண்டு வந்தவன்?"

என் கணவர் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது சமையலறை மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். பின்னேரம் ஆறு பக்கத்தையும் என்னிடம் வாசிக்கத் தந்தார். பெடியன் வவுனியாவுக்கு டொக்டரிடம் கண் காட்டப் போயிருக்கிறான். தூரப் பார்வை சரியில்லை. வழியெல்லாம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைப் பெயர்ப் பலகைகளைப் பிழை பிழையாக வாசித்து இவரைச் சிரிக்க வைத்திருக்கிறான். கண்ணாடி போட்டால் பெண் கிடைக்காது என்று அம்மா அழுவா, அதனால் அம்மாவுக்குச் சொல்லாமல் வந்தேன் என்றிருக்கிறான். முறுக்கு வாங்கி இவருக்குப் பாதி கொடுத்திருக்கிறான். தமையனின் சேட்டைப் போட்டு வந்திருக்கிறான், கை நீளம், அதை மடித்து மடித்து விட்டுக்கொண்டே வந்திருக்கிறான். எல்லாம் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், தான் வானை எடுத்ததையும் எழுதியிருந்தார். எதையும் மறைக்கவில்லை.

தாய் அதற்கும் பதில் போட்டார். பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் போட்டார், முகாமிலிருந்து, பிறகு வீடு திரும்பியதும் வீட்டிலிருந்து. என் கணவரும் எழுதினார். நான் அந்தக் கடிதங்களை வாசிக்கக் கேட்டதில்லை. அவர் பத்தெந்தே எடுக்கவேயில்லை, நானும் பிறகு கேட்கவில்லை. அடுத்த ஆவணியில் கிழக்கு நோக்கிக் கரையோரமாகப் போனோம், மெசினா வரைக்கும், ஆறு நாள். அந்த முறை அவர் ஒரு பெரிய வரைபடம் வாங்கி வந்து, மடிக்கத் தெரியாமல் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் இருந்தார்.